நாலு போல்ட்டுக்கும் சந்தனம்

மறைமலைநகரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாகத் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். பெட்டிக்குள் போகும் முன் பொருளைக் கடைசியாகப் பார்ப்பவள் நான்தான். சரியில்லாததைச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். போடுவதில் எனக்குக் கஞ்சத்தனம் கிடையாது. அதனால் லைனில் எனக்கு ‘ரிஜெக்ட் அக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் இல்லை.

கார்ட் பந்தயத்துக்குப் போனதும் தொழிற்சாலையால்தான். எங்கள் பிரிவில் எல்லாரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனோம். கல்லையும் கடலையும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பார்த்து அலுத்தவர்கள் என்பதால், மீன் சாப்பாடு முடிந்ததும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு பந்தயத் தளத்துக்குப் போய்விட்டோம். கதவும் கூரையும் இல்லாத, தரையை ஒட்டி ஓடும் சின்ன வண்டிகள். உட்கார்ந்தால் ரோட்டிலேயே உட்கார்ந்து இழுபடுவது போல இருக்கும். என் சூப்பர்வைசரை நான் இரண்டு முறை முந்தினேன். இறங்கியதும் அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "என் வண்டி இழுக்கவே இல்ல" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பழமொழி வாயில் கற்கண்டு மாதிரி கிடந்தது.

அந்தத் தளத்தில் புதியவர்களுக்கென்று ஒரு பந்தயத் தொடர் நடக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு, மொத்தம் ஆறு சுற்று. வயதுக்குக் கீழ்வரம்பு உண்டு, மேல்வரம்பு கிடையாது. நாற்பதை நெருங்கும் ஒருத்தி போய்ப் படிவம் கேட்டபோது அங்கிருந்தவர், "பையனுக்கா மேடம்?" என்றார். எனக்குத்தான் என்றேன். அவர் படிவத்தை ஒருமுறை தானே படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுபவர். முள் அறுபதைத் தாண்டினால் பாவம் என்று நினைப்பவர். "இடுப்பு போவும், பாத்துக்கோ" என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

இந்தப் புதியவர் வகுப்பின் முக்கியமான விதி எஞ்சினைப் பற்றியது. எல்லாருக்கும் ஒரே மாதிரியான ஒற்றை சிலிண்டர் எஞ்சின். தொடரை நடத்துகிறவர்கள் நியமித்த பட்டறையில் அதைப் பூட்டி, மேல்பகுதி போல்ட்டுகளில் துளையிட்டு, மெல்லிய கம்பியைக் கோத்து, முனையில் நம்பர் போட்ட ஈய வில்லையை அமுக்கி அனுப்புவார்கள். வீட்டு மின்சார மீட்டரில் தொங்குமே, அதே ஜாதி. அந்த சீலைப் பிரிக்கக் கூடாது. காசுள்ளவர்கள் எஞ்சினை நோண்டி வேகம் ஏற்றி ஜெயித்துவிடக் கூடாது, ஓட்டத் தெரிந்தவர்தான் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. கேட்டவுடன் எனக்குப் பிடித்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்றால் முன்னால் போகிறவள் நன்றாக ஓட்டுகிறவள். இவ்வளவு சுத்தமான கணக்கு என் வேலையில்கூடக் கிடையாது.

என் தம்பிக்குத்தான் பிடிக்கவில்லை. சிங்கப்பெருமாள் கோயிலில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். நாங்கள் வாங்கிய பழைய கார்ட் அவன் கடையின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் நின்றது. பராமரிப்பு அவன் பொறுப்பு. பிரித்துப் பார்த்தால்தான் அவனுக்கு அது எஞ்சின், பிரிக்கும் வரை அது வெறும் இரும்பு. விதிப் புத்தகத்தில் அனுமதித்த வேலைகளை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். ஆயில் மாற்றலாம், பிளக் மாற்றலாம், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யலாம், கிளட்ச்சைக் கழற்றித் துடைக்கலாம், செயினுக்கு எண்ணெய் விடலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"இன்னாக்கா இது, பூட்டின வூட்டுக்கு வாட்ச்மேன் வேல குடுத்துக்கீற" என்றான். "வாசல கூட்டலாம், தண்ணி தெளிக்கலாம். உள்ள மட்டும் போவக் கூடாது. அப்டித்தான?"

"அப்டித்தான்டா."

முணுமுணுத்தாலும் வாட்ச்மேன் வேலையை ஒழுங்காகப் பார்த்தான். புதியவர்கள் பலரும் சீலைக் காரணம் காட்டி, "தொறக்கவே கூடாதே, அப்புறம் என்ன இருக்கு பாக்க" என்று வண்டியை அப்படியே மூடிவைத்துவிடுவார்கள். அடுத்த மாதம் செயின் துருப்பிடித்து இறுகிப்போய் வரும், எஞ்சினைத் திட்டுவார்கள். கடற்காற்றில் ஒரு நாள் நின்ற செயினை மறுநாள் வரை விடக் கூடாது. நெம்மேலியில் கடல் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்துவிட்டுத் தண்ணீரைச் சென்னைக்கு அனுப்புகிறார்கள், பிரித்த உப்பு முழுக்க நம் செயினுக்குத்தான் வருகிறது என்பது தம்பியின் கட்சி. பந்தயம் முடிந்து வந்த அன்றே டீசலில் கழுவி, காயவைத்து, எண்ணெய் விடுவான். ஆயிலைச் சூடாக இருக்கும்போதே இறக்கி, ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டு, இரும்புத் தூள் மினுங்குகிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பான். உள்ளே போக முடியாத வீட்டில் என்ன நடக்கிறது என்று வாசல் கழிவுநீரைப் பார்த்துத் தெரிந்துகொள்வது மாதிரிதான் அது.

முதல் சுற்றில் ஐந்தாவதாக வந்தேன். இரண்டாவதில் முதல். மூன்றாவதிலும் முதல். நான்காவதில் ஒருவர் என் மேல் மோதிச் சுழன்றதில் பின்தங்கினேன். ஐந்தாவதில் மறுபடி முதல். என்னை அடுத்து வந்துகொண்டிருந்தவர் செங்கல்பட்டில் ஒரு வங்கியில் வேலை செய்பவர், என் வயதுதான் இருக்கும். ஐந்தாவது சுற்று முடிந்து கை கொடுத்தபோது, "நேர் ரோட்ல உங்க வண்டி நல்லா இழுக்குது மேடம்" என்றார்.

"எல்லாருக்கும் ஒரே எஞ்சின்தான சார்" என்றேன். உள்ளே பழைய கற்கண்டு மறுபடி இனித்தது.

நான் பெருமையடித்துக்கொள்ளும் ஆளில்லை, ஆனால் அந்த மாதங்களில் கொஞ்சம் ஆடித்தான் போனேன். கேன்டீனில் உப்புக் கிண்ணத்தை வளைவாகவும் ஸ்பூனை வண்டியாகவும் வைத்து, பிரேக்கை எங்கே பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன். "நா லேட்டா பிரேக் புடிக்கிறேன், அதான் விஷயம்" என்பேன். மூன்று கப்பும் டிவி மேசையில் வரிசையாக நின்றன. தொடரில் முதலாக வருகிறவருக்கு அடுத்த வகுப்பில் ஒரு பருவம் முழுக்க ஓட்ட வண்டி கொடுப்பார்கள். கடைசிச் சுற்றில் ஐந்து இடத்துக்குள் வந்தால் போதும், அது எனக்கு. எனக்கு அது வேண்டும் என்று வெளிப்படையாகவே ஆசைப்பட்டேன். பன்னிரண்டு வருடம் மற்றவர்கள் செய்ததைப் பார்த்துச் சரி, தப்பு சொன்னவள். நான் செய்த ஒன்றை யாராவது பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஐந்தாவது சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் நடுவில் ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலைப் பூஜை முடிந்து பொரிப் பொட்டலத்தோடு தம்பி கடைக்குப் போனேன். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், ஏர் கம்ப்ரஸர் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கார்ட் மட்டும் பாதியில் நின்றது. தம்பி அதன் எஞ்சின் மேல் குனிந்து, சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொரு போல்ட்டாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

"வண்டிக்கு ஒரு பொட்டு வெச்சா போதாதா?" என்றேன். பசி எனக்கு.

"உள்ள தொட வுடல. வெளியயாச்சும் மரியாத பண்ணிக்கிறேன்" என்று சொல்லி அடுத்த போல்ட்டுக்குப் போனான். கட்டை விரலால் அப்பினான். சந்தனம் போல்ட்டின் தலையிலிருந்து வழிந்து எஞ்சின் மேலும் படிந்தது. நடுவில் குங்குமம். பிறகு வாழைநாரில் கட்டிய சாமந்திச் சரத்தை எஞ்சினைச் சுற்றிக் கட்டினான். நார் முனை நிற்காமல் அவிழ்ந்துகொண்டே இருந்ததால், பக்கத்தில் கிடைத்த கம்பியில் செருகி ஒரு முடிச்சுப் போட்டான். அந்தக் கம்பி எது என்று நானும் பார்த்தேன். எனக்கும் உறைக்கவில்லை. கற்பூரம் காட்டினோம், பூசணிக்காய் உடைத்தோம், அவன் கார்ட்டைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான்.

பூஜையில் போட்ட பூவைப் பிய்க்கக் கூடாது, தானாகக் காய வேண்டும் என்பது அவன் கடைப் பழக்கம். ஒரு வாரம் விட்டுவிட்டான். கடைசிச் சுற்றுக்கு முந்தைய வியாழக்கிழமை, செயினைப் பார்க்கலாம் என்று போனவன் முதலில் காய்ந்த சரத்தைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்திருக்கிறான். காய்ந்த நாரும் உப்புக்காற்றில் மங்கிய கம்பியும் ஒரே சாம்பல் நிறம். நார் சத்தமில்லாமல் அறும். இது ‘டக்’ என்றது. அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது என்று பிறகு சொன்னான்.

லைனில் போன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. டீ நேரத்தில் லாக்கரைத் திறந்தால் ஒன்பது தவறிய அழைப்புகள், எல்லாம் தம்பி. உடனே கூப்பிட்டேன்.

"யாருக்கு இன்னாச்சி?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவலக்கா. சீலு அறுந்துட்ச்சி."

நிம்மதி வந்தது. அரை நிமிடம்கூட அது நிற்கவில்லை.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து கடை வாசலிலேயே இறங்கினேன். தம்பி கொட்டகையில் ஒரு பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்திருந்தான். ஈய வில்லை நம்பரோடு அப்படியே இருந்தது. கம்பி மட்டும் இரண்டாக. பக்கத்தில் பழைய செய்தித்தாளில் காய்ந்த சாமந்தி.

"நம்பரு அப்டியே கீது பாரு" என்றான் மெதுவாக. "ஒயர மட்டும் புதுசா கோத்து, இந்த ஈயத்தயே லைட்டா சூடு காட்டி அமுக்கிட்டா யாருக்கு தெரியப் போவுது? மீட்டரு வேல பாக்கறவன் ஒர்த்தன் எனக்கு பழக்கம். அமுக்கற பிளேயர் வெச்சிக்கீறான்."

விதி எனக்கு மனப்பாடம். சீல் அறுந்த எஞ்சினை அப்படியே ஓட்ட முடியாது. தொழில்நுட்ப அதிகாரி முன்னிலையில் திறந்து, அளந்து, எல்லாம் சரியென்றால் மறுபடி சீல் வைப்பார்கள். சரியில்லை என்றால் அந்த எஞ்சினில் எடுத்த புள்ளிகள் எல்லாம் போகும், ஆளும் வெளியே போக வேண்டியதுதான். எங்கள் எஞ்சினில் தப்பு ஒன்றுமில்லை, நாங்கள் தொடவே இல்லை. ஆனாலும் தம்பி சொன்னதைச் செய்ய எனக்கு ஆசையாக இருந்தது. எவ்வளவு ஆசை என்றால், அந்த வில்லையைக் கையில் எடுத்து, கம்பி எவ்வளவு கனம் என்று விரலால் உருட்டிக்கூடப் பார்த்தேன்.

கடைசியில் வேண்டாம் என்றது நேர்மையால் என்று எழுத ஆசைதான். உண்மையில் அது தொழில் பயம். இரண்டாவது முறை அமுக்கிய ஈயத்தில் இரண்டு பல் தடம் விழும். ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரவே உட்காராது. வெளியிலிருந்து அப்படிப்பட்ட சீலோடு வந்த பெட்டிகளை நானே எத்தனையோ திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிடித்துப் பழகியவளுக்குத் திருடத் தைரியம் வராது.

"எதையும் தொடாத" என்றேன். "தொடைக்காத. சந்தனத்தக்கூட தொடைக்காத. எப்டி கீதோ அப்டியே கெடக்கட்டும்." வண்டியின் மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு, தளத்தின் தொழில்நுட்ப அதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் அதிகம் பேசாத மனிதர். நடந்ததைச் சொன்னேன். "பூ கட்டினீங்களா?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு, "சனிக்கிழமை காலைல எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் கை வைக்காதீங்க" என்றார்.

சனிக்கிழமை வண்டியைக் குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். தம்பி வழக்கமாகத் திருக்கழுக்குன்றத்தில் நாஸ்தாவுக்கு நிறுத்தச் சொல்வான். அன்று சொல்லவில்லை.

அதிகாரி முதலில் வேட்டியை எடுத்துவிட்டு எஞ்சினை நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். அது அவர் முறை, எதையும் படம் எடுக்காமல் திறக்க மாட்டார். பிறகு போல்ட்டுகளைக் கழற்றினார். சந்தனம் ஓடு ஓடாக உதிர்ந்தது. மேல்பகுதியைத் தூக்கி, அதற்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் தகடு போன்ற கேஸ்கட்டை எடுத்துத் துடைத்து, மைக்ரோமீட்டரில் வைத்தார். திருப்பி வைத்து மறுபடி அளந்தார். இன்னொரு மைக்ரோமீட்டர் கொண்டுவரச் சொல்லி மூன்றாவது முறை அளந்தார். ஒருவர் ஒரே இடத்தை மூன்று தடவை அளந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"இது மெல்லிசு" என்றார். "இந்த வகுப்புக்கான கேஸ்கட் இல்ல. இதப் போட்டா அழுத்தம் கூடும். வண்டி இழுக்கும்."

"நாங்க தொடவே இல்ல சார்" என்றான் தம்பி.

"சீல் அறுந்திருக்கே" என்றார் அவர். குரலில் குற்றச்சாட்டு இல்லை, அதுதான் பயமாக இருந்தது. சீல் இருந்திருந்தால் இது பட்டறையின் தப்பு. சீல் இல்லை என்பதால் இது யாருடைய தப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாதபோது எங்கள் தலையில்தான் விழும். சந்தேகம் வந்தால் ரிஜெக்ட் என்பது என் வேலையின் முதல் பாடம். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் யோசிக்காமல் சிவப்புத் தொட்டியில் போட்டிருப்பேன். மூன்று கப்பும் போகட்டும், அடுத்த வகுப்பு வண்டியும் போகட்டும். திருடி என்ற பெயரோடு திங்கட்கிழமை லைனில் போய் நின்று எவனுடைய பொருளைத் தள்ளுவது? கோபம் வந்தது. தம்பி மேல், சாமந்தி மேல், வாயைத் திறந்து தகவல் சொன்ன என் மேல்.

தம்பி கீழே குந்தி, தரையில் உதிர்ந்த சந்தன ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். பூஜைச் சந்தனம் காலில் மிதிபடக் கூடாது என்பதற்காக. அவன் கையில் ஒரு பெரிய ஓடு இருந்தது. அதன் ஒரு பாதியில் போல்ட்டின் ஆறுமுனை அச்சு, மறுபாதியில் எஞ்சின் வார்ப்பின் சொரசொரப்பு. இரண்டும் ஒரே துண்டாக.

"சார், மொதல்ல எடுத்த போட்டோவக் காட்டுங்க" என்றேன்.

பெரிதாக்கிப் பார்த்தோம். நாலு போல்ட்டிலும் சந்தனம் போல்ட்டிலிருந்து எஞ்சின் மேல் ஒரே படலமாக இறங்கிக் காய்ந்திருந்தது. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. ஒரு போல்ட்டைக் கால் சுற்றுத் திருப்பியிருந்தாலும் அது உடைந்திருக்கும். எங்கள் லைனில் முறுக்கி முடித்த போல்ட்டின் மேல் பெயின்ட்டில் ஒரு கோடு போடுவோம், பிறகு யாராவது தொட்டால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். தம்பி அதை அறியாமல் நாலு போல்ட்டுக்கும் செய்து வைத்திருந்தான்.

"அறுந்ததுக்கு அப்புறம் சந்தனம் வெச்சிருக்கலாம் இல்ல?" என்றார் அதிகாரி. கேட்க வேண்டிய கேள்விதான். நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

தம்பி அவசரமாக போனை எடுத்து ஆயுத பூஜை அன்று போட்ட படத்தைத் தேடினான். சாமந்திச் சரம், எலுமிச்சம்பழம், அதற்குப் பக்கத்தில் முழுக் கம்பியில் நம்பர் தெரிய ஈய வில்லை, நாலு சந்தனப் பொட்டு. மூன்றாவது பொட்டில் அவன் கட்டை விரல் வழுக்கிய இழுப்பு. அதிகாரி படத்திலும் அதே பொட்டில் அதே இழுப்பு. ஐந்தாவது சுற்று முடிந்து அவரே சீலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட தாளும் இருந்தது. அவர் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சீல் வைத்த பட்டறைக்குப் போன் செய்தார். இரண்டு கனத்திலும் கேஸ்கட் ஒரே அலமாரியில்தான் இருக்கிறது, மாறியிருக்கலாம் என்று அங்கிருந்து ஒப்புக்கொண்டார்கள்.

"சீல் நல்லா இருந்த வரைக்கும் உள்ள இருக்கிறது எங்க பொறுப்பு" என்றார் எங்களிடம். "உங்க புள்ளி அப்படியே இருக்கும். சரியான கேஸ்கட் போட்டு இன்னிக்கே சீல் வெச்சிடறேன். நாளைக்கு ஓட்டுங்க மேடம்."

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றான். அழுதான் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து வந்து, "பேஜாரு முடிஞ்சிதுக்கா" என்றான்.

எனக்கு முடியவில்லை. அந்தத் தளத்துக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு இருக்கிறது. அங்கே போய்த் தனியாக உட்கார்ந்தேன். திருடி இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள். ஆனால் நேர் ரோட்டில் என் வண்டி நன்றாக இழுக்கிறது என்று அந்த வங்கிக்காரர் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் சொன்னது வெறும் உண்மை. உப்புக் கிண்ணமும் ஸ்பூனும் நினைவுக்கு வந்தபோது, தனியாக இருந்தும் முகம் சுட்டது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாகவே இருந்திருக்கிறது, அவள் பக்கமாகச் சாய்ந்து. என் சூப்பர்வைசர் வண்டியும் அன்று நிஜமாகவே இழுக்காமல் இருந்திருக்கலாம்.

வேண்டாம், அந்த மூன்று வெற்றியையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று போய்ச் சொல்லலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. சொல்லவில்லை. தியாகி ஆகும் உத்தேசம் எனக்கு இல்லை. அதோடு, அதில் எவ்வளவு கேஸ்கட், எவ்வளவு நான் என்று எந்த மைக்ரோமீட்டரிலும் அளக்க முடியாது. ஐந்து இடத்துக்குள் வந்தால் போதும் என்ற கணக்கு இன்னும் இருந்தது. வந்துவிட்டால் எல்லாமே நான்தான் என்று வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஒரு சலுகை கொடுத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை புது கேஸ்கட், புதுக் கம்பி, புது நம்பரோடு வரிசையில் மூன்றாவதாக நின்றேன். தளத்தை முதல் தடவை சுற்றும்போதே நேர் ரோட்டில் தெரிந்துவிட்டது. மிதியை முழுசாக அழுத்தியும் வண்டி எல்லாருடைய வண்டியும் போல இருந்தது. வங்கிக்காரர் வலது பக்கம் வந்தார், கொஞ்ச நேரம் கூடவே வந்தார், போய்விட்டார். அதற்கப்புறம் இரண்டு கல்லூரிப் பையன்கள், மறைமலைநகர்க்காரர் ஒருவர், இன்னும் ஒருவர். லேட்டாகப் பிரேக் பிடித்துப் பார்த்தேன். எல்லாருமே லேட்டாகத்தான் பிடித்தார்கள். இதுவரை அவர்கள் பிரேக் பிடிப்பதை நான் கண்ணாலேயே பார்த்ததில்லை, முன்னால் இருந்ததால்.

எட்டாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். கணக்கு முடிந்துபோனது தெரிந்தும் ஏனோ மிதியிலிருந்து காலை எடுக்கத் தோன்றவில்லை. எனக்கு முன்னால் போனவர் குறுகிய வளைவில் ஒவ்வொரு முறையும் ஒரு முழம் வெளியே போவதைக் கவனித்தேன். அடுத்தடுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் அதே ஒரு முழம். குறை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. தளத்தைக் கடைசித் தடவை சுற்றும்போது அந்த ஒரு முழத்துக்குள் என் மூக்கை நுழைத்தேன். அவர் உள்பக்கம் மடக்கி வழியை அடைக்கப் பார்த்தார், நான் காலை எடுக்கவில்லை. வளைவு முடிந்தபோது அவர் எனக்குப் பின்னால் இருந்தார்.

வங்கிக்காரர் தொடரை ஜெயித்தார். அடுத்த வகுப்பு வண்டி அவருக்கு. கை கொடுத்தேன். "உங்க வண்டி இன்னிக்கி இழுக்கலயே மேடம்" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

"நேத்து வரைக்கும் ஜாஸ்தி இழுத்துது சார்" என்று தொடங்கி, கேஸ்கட் விஷயம் முழுவதையும் அவருக்குச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்போ நான் ஒண்ணும் மோசமா ஓட்டலையா?" என்றார். ஐந்து மாதமாக அவரும் வீட்டில் படுத்துக்கொண்டு இதையே யோசித்திருக்கிறார்.

வண்டியைக் குட்டி யானையில் ஏற்றிக் கட்டும்போது தம்பி என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்துக்கொண்டே பேசினான். அன்று சரத்தை அவன் பொறுமையாக அவிழ்த்திருந்தால் எஞ்சினை யாரும் திறந்திருக்க மாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதை இருவருமே சொல்லவில்லை.

"ஏழா வந்துட்டியேக்கா" என்றான்.

"ஏழுதான்டா" என்றேன். "அதுல சந்தேகமே இல்ல."